ரிம்முக்குப் பொன்னிறம் வேண்டுமா?



பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் முன்னாள் மாணவன் ஒருவன் என் இல்லம் தேடி வந்தான். ஆறாம் ஆண்டில் கணிதப் பயிற்சி நூலின் ஓரங்களில் மோட்டார் சைக்கிள் படம் வரைந்து என்னிடம் பலமுறை திட்டு வாங்கியவன். இப்பொழுது வயது பத்தொன்பது. ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. "சார், இ.எக்ஸ்.5-க்கு ரிம் மாத்தப் போறேன். கோல்டு போடவா, சிவப்புப் போடவா?" என்றான். அவன் கிளம்பிய சற்று நேரத்தில் அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைத்தார். "நீங்களாச்சும் சொல்லுங்க சார், சம்பளத்தையெல்லாம் சக்கரத்துல கொட்டுறான்."

ரிம்முக்கு நிறம் தேடும் இளைஞனைக் கண்டால் நம்மவர்கள் உடனே 'மாட் ரெம்பிட்' என்று முத்திரை குத்தி விடுகின்றனர். நானும் அவ்வாறு பேசியவன்தான். ஆயினும் அன்றிரவு என் தந்தையாரின் மிதிவண்டி நினைவுக்கு வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அவர், சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகக் குஞ்ச வளையம் மாட்டியிருந்தார். சக்கரம் சுழலச் சுழல அச்சில் படிந்த தூசியை அது துடைத்துவிடும். அழகுக்கு அழகு, பயனுக்குப் பயன். அதற்காக அவரை யாரும் ஊதாரி என்று சொன்னதில்லை.

ஆகவே, நிறம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று என் கேள்வி. அந்த நிறம் உலோகத்தோடு ஒன்றியதா, அதை மூடி மறைப்பதா என்பதே கேள்வி.

இ.எக்ஸ்.5-இன் கம்பிச் சக்கரத்தில் முதலில் வருவது குரோம் முலாம் பூசிய இரும்பு ரிம். கடைகளில் மின்னும் பொன், நீலம், சிவப்பு ரிம்கள் அலுமினியத்தால் ஆனவை, 'அனோடைஸ்' செய்யப்பட்டவை. ரிம்மைக் கந்தக அமிலக் கரைசலில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் நேர்முனையோடு இணைப்பார்கள். அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடு படலமாக மாறும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட அப்படலத்தில் சாயம் இறங்கும். பின்னர்க் கொதிநீரில் இட்டால் துளைகள் அடைபடும். படலத்தின் தடிமன் தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. ஆதலால் வண்ணத்துக்கு அடியில் உலோகத்தின் பளபளப்பும் தெரியும், கீறலும் தெரியும். இரும்பு ரிம்மை இம்முறையில் வண்ணமாக்க இயலாது. அச்சில் வார்த்த 'ஸ்போர்ட் ரிம்' வகைகளில் சிலிக்கன் மிகுதி. அனோடைஸ் செய்தால் நிறம் திட்டுத்திட்டாகக் கருமை தட்டும். ஆகையால் அவற்றுக்குச் சாயப் பூச்சோ, தூளைத் தூவிச் சுமார் 180 முதல் 200 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கும் பவுடர் பூச்சோதான்.

பூச்சு என்றாலே எனக்கு அச்சம். காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில், கையில் காசில்லாமல், ஒரு பட்டறையில் பழைய ஸ்போர்ட் ரிம் ஒன்றை மலிவாக வாங்கினேன். கறுப்புச் சாயம் புத்தம் புதிதாக மின்னியது. மூன்றாம் மாதம், ஒரு மழை நாளில், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பள்ளத்தில் இறங்கியபோது பின்சக்கரத்தில் காற்று முழுவதும் போய்விட்டது. வேகம் குறைவு, சேற்றில் விழுந்ததோடு தப்பித்தேன். சாயத்தைச் சுரண்டிப் பார்த்தால், அடியில் பற்றவைத்து ஒட்டிய பழைய விரிசல்! வார்ப்பு ரிம்மைப் பற்றவைத்தால் அவ்விடம் தன் பழைய வலிமையை இழக்கும். அதன்மேல் எந்த நிறம் பூசினாலும் அது முகமூடிதான்.

நம் நாட்டுச் சாலைகளில் மாண்டுபோவோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா, புஞ்சாக் ஆலம், சுங்கை பூலோ என்று விடியற்காலையில் வேலைக்குப் பறக்கும் நம் பிள்ளைகளும் அக்கூட்டத்தில்தான் இருக்கின்றனர்.

ஆகவே மாணவனிடம் நான் சொன்னது இது. புதிய அலுமினிய ரிம், அனோடைஸ் செய்தது, பொன்னிறம்: தாராளமாகப் போடு. சிவப்பும் ஊதாவும் நம் வெயிலில் விரைவில் வெளுக்கக்கூடும். பொன்னிறம் பொதுவாக அவற்றைவிட நெடுநாள் நிற்கும். சோடா கலந்த கடுமையான கழுவுநீர் அப்படலத்தை அரித்துவிடும். சாதாரணச் சவர்க்கார நீரே போதும். யாரோ கழற்றிப்போட்ட பழைய ரிம்முக்குப் புதுச் சாயம் அடித்துக் கொடுத்தால், இனாமாகக் கிடைத்தாலும் வாங்காதே.

பந்தய வண்டிகளில் ஒரு காலத்தில் ஓடிய மக்னீசியச் சக்கரங்களின் பொன்னிறத்தையும் அவனிடம் சொன்னேன். அரிப்பைத் தடுக்கக் குரோமேட் கரைசலில் முக்கியெடுத்ததால் வந்த நிறம் அது. பையன் வாய் பிளந்து கேட்டான். ஆறாம் ஆண்டில் அறிவியல் பாடத்தை இப்படிக் கேட்டிருக்கலாம்!

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். அவனுக்கு 'லிடி' டயர் வேண்டுமாம். மலாய் மொழியில் லிடி என்றால் ஈர்க்கு. பெயரே சொல்கிறது. வண்டியோடு வந்த டயர் முன்னே 2.25-17, பின்னே 2.50-17, அதுவே ஒல்லிதான். அதையும் ஈர்க்காக்கினால் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது எதைக் கொண்டு தரையைப் பற்றுவது? "நிறம் உன் விருப்பம், அகலம் என் விருப்பம்" என்றேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

தாயாருக்கும் விவரத்தைச் சொன்னேன். "நீங்களுமா சார்?" என்றார். இரும்பு ரிம்மைத் தூக்கி எறியாமல் வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கச் சொன்னேன். நாளை வண்டியை விற்கும்போது அது உதவும்.

சென்ற சனிக்கிழமை பொன்னிற ரிம்மோடு வந்து வாசலில் நின்றான். டயர் பழைய அளவுதான். குனிந்து எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டேன். என் வண்டியின் பின் ரிம்மும் துருப்பிடித்துக் கிடக்கிறது. "உங்களுக்கும் கோல்டு போட்டுடலாம் சார்" என்கிறான். நாற்பதைக் கடந்த வாத்தியாருக்கு வெள்ளி நிறமே போதும் என்பது என் மனைவியின் தீர்ப்பு. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.