ஓகானலின் அட்டை

1999 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இவாண்டர் ஹோலிஃபீல்டும் லெனாக்ஸ் லூயிஸும் மோதிய ஹெவிவெயிட் குத்துச்சண்டை சமநிலை என அறிவிக்கப்பட்டது. அந்த அநீதியைப் பற்றி எழுதுவோர் ஏறத்தாழ அனைவரும் ஒரே பெயரைக் குற்றக்கூண்டில் ஏற்றுகின்றனர்: யூஜீனியா வில்லியம்ஸ். ஹோலிஃபீல்டுக்குச் சாதகமாக அவர் இட்ட 115-113 தவறான மதிப்பீடு என்பதில் ஐயமில்லை. ஐந்தாம் சுற்றில் லூயிஸின் 43 குத்துகள் இலக்கை எட்டின. ஹோலிஃபீல்டின் குத்துகள் 11 மட்டுமே. அச்சுற்றையும் அவர் ஹோலிஃபீல்டுக்கே வழங்கினார். புகைப்படக்காரர்கள் பார்வையை மறைத்தனர் என்று பின்னர் அவர் சொன்ன விளக்கம் எவரையும் நிறைவு செய்யவில்லை.

ஆனால் அவர் ஒருவரால் போட்டியைச் சமநிலையாக்கியிருக்க இயலாது. மூன்று நடுவர்களுள் ஸ்டான்லி கிறிஸ்டொடூலூ 116-113 என லூயிஸுக்கு அளித்தார். எஞ்சியவர் லாரி ஓகானல். அவர் அட்டை 115-115.

கூட்டிப் பார்ப்பது கடினமன்று. சுற்றை வென்றவருக்கு 10, இழந்தவருக்கு 9. எவரும் வீழ்த்தப்படாத இப்போட்டியில் பன்னிரண்டு சுற்றுகளுக்கும் வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்திருந்தால் மொத்தம் 228 வரவேண்டும். வில்லியம்ஸின் கூட்டுத்தொகை சரியாக 228. கிறிஸ்டொடூலூ ஒரு சுற்றைச் சமமாக்கியதால் 229. ஓகானலுடையது 230, அதாவது, ஐந்து சுற்றுகள் இவருக்கு, ஐந்து அவருக்கு, இரண்டு எவருக்கும் இல்லை. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் லூயிஸுக்கு வழங்கியிருந்தால் 115-114. அன்றிரவே லூயிஸ் போட்டியற்ற உலகச் சாம்பியன். வில்லியம்ஸின் அட்டை எவரும் நினைவில் கொள்ளாத மாற்றுக் கருத்தாக ஒடுங்கியிருக்கும்.

இருந்தும் வசை முழுவதும் வில்லியம்ஸுக்கே சென்றது. ஓகானல் இங்கிலாந்துக்காரர்; லூயிஸும் பிரித்தானியர். தன் நாட்டவருக்குச் சலுகை காட்டாதவர் நேர்மையாளராகவே இருப்பார் என்ற ஊகம் அவரைக் காத்தது. பாரபட்சத்தைத் தேடிய கண்களுக்கு முடிவெடுக்கத் தயங்கிய கை தென்படவில்லை. (ஆய்வேட்டுக்கு 'ஏற்கலாம்' என்று ஒற்றை வரி எழுதியனுப்பும் புறத்தேர்வாளரை எந்தப் பல்கலைக்கழகமும் விளக்கம் கேட்பதில்லை.)

லூயிஸ் ஐந்தாம் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்தியிருக்க வேண்டும், பழி அவருடையதே என்போரும் உளர். இவ்வாதம் நகைப்புக்குரியது. வீழ்த்தல் நிகழாத போட்டிகளுக்காகவே மதிப்பெண் முறை இருக்கிறது. வீழ்த்தாததற்குத் தண்டனையாக மதிப்பெண்ணைக் குறைப்பதென்றால் நடுவர்கள் எதற்கு? குத்துகளின் எண்ணிக்கை முழு அளவுகோல் அன்று என்ற மறுப்பில் மட்டும் ஓரளவு நியாயமுண்டு. மனிதர்கள் பார்த்துப் பொத்தானை அழுத்திச் சேர்க்கும் கணக்கு அது. மெல்லிய இடக்கைக் குத்தும் தாடையை உலுக்கும் குத்தும் அதில் ஒன்றே. எனினும் 348-க்கு 130 என்ற இடைவெளியை எந்தக் கணக்குப் பிழையாலும் நிரப்ப முடியாது.

அதே ஆண்டு நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் நடந்த மறுபோட்டி முதலாவதைவிட நெருக்கமானது. அதில் மூன்று நடுவர்களும் லூயிஸையே வெற்றியாளராக்கினர். நீதி அத்துடன் நிறைவேறியது எனச் சொல்வோர் அவருடைய தொழில்முறைப் பதிவேட்டைப் பார்க்கலாம்: 41 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை. அந்த ஒன்று மார்ச் மாதத்துப் போட்டி. அது இன்றுவரை திருத்தப்படவில்லை.