பாதயாத்திரையும் பாதப் புண்ணும்

தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் பழனிக்கு நடந்து செல்வது நம் கொங்கு நாட்டாரின் நெடுநாள் வழக்கம். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முகந்து காவடி எடுப்போரும், கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடப்போரும், சென்னிமலையிலிருந்து காங்கயம், தாராபுரம் வழியே செல்வோரும் பலர் வெறுங்காலினரே. அவர்களுள் நம் சங்க அங்கத்தினரும் உளர். அவர்தம் பக்தியைப் பற்றி நாம் சொல்ல ஒன்றுமில்லை. பாதங்களைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்குச் சென்ற ஓர் ஊரில், குழித்தறி ஒன்று ஓடாமல் கிடக்கக் கண்டோம். யாத்திரை வழியில் முள் குத்திய இடத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு நடந்தாராம் அந்நெசவாளர். புண் சீழ்பிடித்து, ஆறு வாரம் தறியில் இறங்க இயலவில்லை. கால் மிதிக்காமல் தறி ஏது? கூலி ஏது? சங்கக் கணக்கில் அது உற்பத்திக் குறைவு. அவர் வீட்டிலோ அடுப்பெரியாத குறை.

காயத்திற்கு முதல் மருந்து சுத்தமான தண்ணீரும் சோப்புமே. இரத்தம் வழிந்தால் தூய துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, பின் மண்ணும் முள்ளும் போகக் கழுவி, ஈரம் ஒற்றிக் கட்ட வேண்டும். கொப்புளத்தைக் குத்தி உடைத்தலாகாது. சாம்பல், சாணம், காப்பித்தூள் ஆகியவை கூடவே கூடா. மஞ்சள் விளைவிப்போர் நம்மீது வருந்த வேண்டாம். மஞ்சளின் பெருமை வேறு, திறந்த புண்ணில் கடைத்தூளைக் கொட்டுவது வேறு. நீரிழிவுடையோர் சிறு கீறலையும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். சிவப்புப் படர்தல், வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் நடையை நிறுத்தவேண்டும்.

டெட்டனஸ் எனப்படும் ரணஜன்னியின் கிருமி துருப்பிடித்த ஆணியில் மட்டுமன்று, மண்ணிலும் சாணத்திலும் உள்ளது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னியில் 2015-இல் நம் நாடு ஒழிப்பு நிலையை எட்டியது, தாய்மார்க்குப் போட்ட ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும். ஆயினும் கிருமி மண்ணை விட்டுப் போய்விடவில்லை. ஆடவர் பலர் கடைசியாக ஊசி போட்ட ஆண்டையே மறந்திருப்பர். 10 ஆண்டுக்கு ஒருமுறை ஊசி வேண்டும். அழுக்கேறிய ஆழ்ந்த காயமாயின், 5 ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும் வேண்டும். தாடை இறுகுமாயின் ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

ஆகவே நமது யோசனை இது. யாத்திரை புறப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் அவ்வூர்ச் சங்கம் ஒரு சிறு பெட்டி அளிக்கட்டும். அதில் சோப்பு, கட்டுத்துணி, பஞ்சு, ஒட்டுப் பிளாஸ்திரி, அயோடின் மருந்து இருந்தால் போதும். புறப்படுமுன் அங்கத்தினரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று ஊசியும் போடச் செய்யட்டும். இதற்காகும் செலவு ஒரு சேலையின் விலையைத் தாண்டாது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெசவாளரே மருத்துவக் கட்டுத்துணி நெய்கின்றனர். நெய்பவன் காலில் கட்ட ஒரு முழத் துணி இல்லையென்பது கூட்டுறவுக்கு அழகாகுமா? நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்குவார்களென நம்புகிறோம்.