பெயின்ட் கடைசியில்தான்: வீட்டில் கட்டும் 'விண்டேஜ்' மோட்டார் சைக்கிளில் யாரும் பேசாத பிரேக்கும் சட்டமும்

மூன்று நிமிட வீடியோ. முதல் காட்சியில் கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் டபுள் பார் சைக்கிள். கடைசிக் காட்சியில் அதே சைக்கிள்: கிரீம் கலர் டயர், நீளமான பச்சை டேங்க், ஸ்பிரிங் வைத்த தோல் சீட், ஃப்ரேமுக்கு நடுவே 'டபடப'வென்று துடிக்கும் குட்டி இன்ஜின். 1915-ல் இருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

பார்ப்பவர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி, "எவ்ளோ செலவாச்சு?" அடுத்தது, "எவ்ளோ ஸ்பீடு போகும்?" "எங்க நிக்கும்?" என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் உயிர் போகிற விஷயம் அந்த மூன்றாவது கேள்விதான்.

எதைப் பார்த்து இந்த ஸ்டைல்?

தாழ்ந்து வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான வெள்ளை டயர், மட்கார்டே இல்லாத சக்கரம். இந்த வண்டிகள் பெரும்பாலும் நகலெடுப்பது, 1910-களில் அமெரிக்காவில் மரப்பலகை ஓடுதளங்களில் ஓடிய ரேஸ் மோட்டார் சைக்கிள்களை. இந்தியன், ஹார்லி டேவிட்சன், எக்ஸெல்சியர் என்று அன்றைய பெரிய கம்பெனிகள் எல்லாம் அதில் மோதிக்கொண்டன. அந்த வண்டிகள் அவ்வளவு 'க்ளீனா' இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றில் பிரேக் கிடையாது.

ஓடுதளத்தில் எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது என்பதால் பிரேக்கைக் கழற்றிவிட்டார்கள். அப்படியும் வீரர்கள் தொடர்ந்து செத்தார்கள். 1912-ல் நியூஜெர்சியின் நூவார்க் ஓடுதளத்தில் நடந்த விபத்தில் வீரர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இறந்தார்கள். அந்த அழகைத்தான் இன்று ஜிஎஸ்டி சாலைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறோம். ஆசையில் தப்பில்லை. எதைக் காப்பி அடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அடிக்கலாம், அவ்வளவுதான்.

கொட்டகையில் பிறந்தவை

வீட்டில் வண்டி கட்டுவதே வெட்டி வேலை என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மில்வாக்கியில் வில்லியம் ஹார்லியும் ஆர்தர் டேவிட்சனும் முதலில் செய்தது, சாதாரண சைக்கிளில் மாட்டுவதற்கான சுமார் 116 சிசி இன்ஜின். மேடு வந்தால் மிதிக்காமல் அது ஏறவில்லை. அடுத்த முயற்சியில் அவர்கள் இன்ஜினைப் பெரிதாக்கியதோடு நிற்கவில்லை. 'சைக்கிள் ஃப்ரேம் இதைத் தாங்காது' என்று ஃப்ரேமையே புதிதாக வடிவமைத்தார்கள். 1903-ல் அந்தக் கம்பெனி உருவானது ஒரு மரக் கொட்டகையில்.

போர் முடிந்த 1946-ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்சிரோ ஹோண்டாவும் இதையேதான் செய்தார். ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தர வைத்திருந்த சின்ன இன்ஜின்கள் மிச்சம் கிடந்தன. அவற்றை வாங்கி சைக்கிளில் பொருத்தினார். முதல் மாதிரி வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் எது தெரியுமா? குளிருக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர் பாட்டில்! நம் ஊர்க் கதையும் ரொம்பத் தூரமில்லை. ஓசூரில் இருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50-யில் பெடல் இருந்ததை அப்பாக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, சைக்கிளில் இன்ஜின் வைப்பது அசட்டுத்தனம் இல்லை. ஹார்லியும் டேவிட்சனும் ஃப்ரேமிடம் கேட்ட கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் அசட்டுத்தனம்.

கிட்டில் வராத பொருள்

ஆன்லைனில் கிடைக்கும் டூ-ஸ்ட்ரோக் கிட்டில் இன்ஜின், சின்ன டேங்க், செயின், ஸ்பிராக்கெட், சைலன்சர் எல்லாம் வரும். '80 சிசி' என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலும் நம்ப வேண்டாம். 47 மில்லிமீட்டர் போர், 38 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கைக் கணக்குப் போட்டால் 66 சிசி-தான் வருகிறது. ஸ்பிராக்கெட்டை ரப்பர் பட்டைகளுக்கு நடுவே வைத்து, பின் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளோடு சேர்த்து நட்டு போட்டு முடுக்கச் சொல்வார்கள். போக்ஸ் கம்பி அந்த இழுவைக்காகச் செய்யப்பட்டதே இல்லை. நட்டு லூசானால் ஸ்பிராக்கெட் கோணும், செயின் கழன்று சக்கரத்துக்குள் போகும். ஓடும்போது பின் சக்கரம் லாக் ஆவது எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. ஹப்பை நேரடியாகப் பிடிக்கும் அடாப்டர் போடுவது நல்லது. ஃப்ரேம் குழாயில் ஓட்டை போட்டு இன்ஜினை நிறுத்துவதும் வேண்டாம், கிளாம்ப் போதும்.

கிட்டில் வராதது பிரேக். டபுள் பார் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். ஸ்டீல் ரிம்மின் உள்பக்கத்தை ரப்பர் கட்டை உரசும். மழையில் அந்த சைக்கிளை ஓட்டியவர்களுக்குத் தெரியும், பிரேக் பிடித்தபிறகு சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிக்கும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் செருப்புக் காலை ஊன்றியாவது சமாளிக்கலாம். இன்ஜின் வைத்து 45-ல் போனால் வேகம்தான் மூன்று மடங்கு. நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்கு. இன்ஜினின் எடையைச் சேர்த்தால் அதற்கும் மேலே.

அதனால் பட்ஜெட்டில் முதல் பணம் போக வேண்டியது முன் சக்கரத்துக்கு. பழைய மொபெட்டின் டிரம் பிரேக் வீலும் அதற்குரிய ஃபோர்க்கும் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. லேத் பட்டறையில் கொஞ்சம் வேலை இருக்கும், 'லுக்' கொஞ்சம் கெடும். கெடட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் வேடிக்கை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் இன்ஜின் 25 சிசி-க்கு மிகாமலும் இருந்தால் அது 'மோட்டார் வாகனம்' இல்லை என்கிறது. அதாவது பதிவு எண், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதையும் அந்தச் சட்டம் கேட்காது. புல்வெட்டும் இயந்திரங்களில் வரும் 25 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் இதற்குள் கச்சிதமாக அடங்கும்.

எலெக்ட்ரிக் என்றால்? மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது, பிரேக்கும் ரிஃப்ளெக்டரும் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நியாயம்தான். ஆனால் இவை சரியாக இருப்பதை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை நிறுவனம் ஒன்று உறுதி செய்யவும் வேண்டும். புகை விடும் 25 சிசி இன்ஜினுக்கு இல்லாத கெடுபிடி, சத்தமே போடாத மோட்டாருக்கு!

66 சிசி கிட்டுக்கு வருவோம். அது சட்டப்படி முழு மோட்டார் வாகனம். பதிவு செய்யாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு முதல் தடவை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம்கூடப் பெரிசில்லை. யாராவது ஒருவர் மீது மோதி அவருக்குக் கால் போனால், நஷ்டஈடு தர இன்ஷூரன்ஸ் கம்பெனி வராது. வண்டி கட்டியவர் கையிலிருந்துதான் போகும். அவரிடம் பணம் இல்லாவிட்டால் கால் போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. இந்த இரண்டாவது ஆளைப் பற்றி எந்த வீடியோவும் பேசுவதில்லை.

சரி, பதிவு செய்துவிடலாமே? அங்கேதான் கதவே இல்லை. மாதிரி வண்டியைப் பரிசோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கும் நடைமுறை, லட்சக்கணக்கில் வண்டி தயாரிக்கும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரே ஒரு வண்டி கட்டியவர் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் "இதைச் சோதிச்சு நம்பர் குடுங்க" என்று கேட்டால், நிரப்பிக் கொடுக்க ஒரு ஃபார்ம்கூடக் கிடையாது.

பிரிட்டனில் அந்த ஃபார்ம் இருக்கிறது. தனியொரு மோட்டார் சைக்கிளுக்கான ஒப்புதல் என்று எம்எஸ்விஏ திட்டம் அங்கே நடப்பில் உள்ளது. வண்டியை அரசு சோதனை மையத்துக்குக் கொண்டுபோனால் பிரேக், விளக்கு, சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தேறினால் சான்றிதழ், பிறகு பதிவு. தேறாவிட்டால் சரிசெய்துகொண்டு மறுபடி வர வேண்டும். இதை இங்கே கொண்டுவருவது நிலவுக்கு ராக்கெட் விடுகிற வேலை இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே வாகனப் பரிசோதனை மையம் இருக்கிறது. வருடத்தில் சில நாட்கள், நியாயமான கட்டணத்தில், தனிநபர் கட்டிய வண்டிகளுக்கு ஒதுக்கினால் போதும். 'எல்லாரும் வண்டி கட்ட ஆரம்பிச்சுடுவாங்க' என்று பயப்படத் தேவையில்லை. கிட் தடையில்லாமல் விற்பனையாகிறது, வாங்குபவர்கள் இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தக் கதவு திறக்கும்வரை, ரோட்டில் ஓட்ட ஆசைப்படுபவர் 25 சிசி-யோடு நிற்பதே புத்திசாலித்தனம். நிஜத்தில் 1900-களின் மோட்டார் சைக்கிள்களும் மேட்டில் மிதித்துத்தான் ஏறின. அந்த வகையில் 25 சிசி-தான் அசல் விண்டேஜ்!

அப்புறம் பெயின்ட்

பெரும்பாலானவர்கள் இதை முதலில் செய்கிறார்கள். டேங்க் பளபளவென்று ரெடியான பிறகு, பிரேக்குக்கு ஒரு பிராக்கெட் வெல்டு வைக்க வேண்டும் என்றால் மனசு வராது. அதனால் வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். எனவே வண்டியைத் துருவோடு, அசிங்கமாக, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த நட்டு லூசாகிறது, டேங்க் எங்கே கசிகிறது, எந்த கிளாம்ப் நகர்கிறது என்று அதுவே சொல்லும். எல்லா வெல்டிங்கும் முடிந்தபிறகு மொத்தமாகக் கழற்றலாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசு வீட்டுக் குழந்தை வரை போகும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், தேய்த்த கசடை வழித்துத் தனியே எடுப்பதும் அவசியம். பிறகு பிரைமர், பள்ளம் இருந்தால் பட்டி, மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர். கலர் அடிப்பது அரை நாள் வேலை. அதற்கு முந்தைய தேய்ப்புக்கு ஒரு வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் வகைப் பெயின்ட்டைத் தொடவே கூடாது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டு மேலே வெள்ளை பூத்துவிடும்.

டேங்க்குக்கு ஸ்பிரே கேன் கிளியர் ஒத்துவராது. பெட்ரோல் நாலு சொட்டு விழுந்தால் பிசுபிசுத்து உரியும். ஹார்டனர் கலக்கும் 2கே பியூ கிளியர்தான் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை; ஒருமுறை ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். கோவிட் காலத்து மாஸ்க் அதற்குப் பிரயோஜனப்படாது. இந்த ஒரு கோட்டிங்கை மட்டும் டிங்கரிங் பட்டறையின் பெயின்ட் பூத்தில் கொடுத்து அடித்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கிளியருக்கு முன்னால் ஒரு வேலை மிச்சமிருக்கும். சென்னையில் தயாரான புல்லட் டேங்க்குகளில் கையாலேயே இழுத்த தங்கக் கோடு நினைவிருக்கிறதா? நீள முடி பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. முதல் கோடு நிச்சயம் கோணலாகத்தான் வரும். ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை இழுக்கலாம்.