கோடு ஓரிடம், குறை வேறிடம்

மூக்கோரம் தொடங்கி வாயோரம் இறங்கும் கோட்டைக் காட்டி, "இதை நிரப்பிடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் அதிகம். கேட்டபடியே நிரப்பிவிடும் கிளினிக்குகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் குறை கோட்டிலேயே இருக்க வேண்டியதில்லை: முகக் கொழுப்பு தனித்தனி அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் டாலஸைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன்கள் ரோரிச், பெஸ்ஸா இருவரும் இறந்தவர்களின் முகங்களில் நீலச் சாயம் செலுத்திப் பார்த்து 2007இல் எழுதினார்கள்: சாயம் கண்டபடி பரவாமல் அந்தந்த அறைக்குள்ளேயே நின்றது. வயதாகும்போது இந்த அறைகள் ஒன்றுபோல வற்றுவதில்லை. கன்னத்தின் ஆழத்தில், எலும்பையொட்டிய உள்பக்க அறை வற்றினால் மேலே இருப்பது தாங்கலிழந்து சரியும். கோடு ஆழமாகத் தெரியும். அப்படியானால் ஊசியில் ஏற்றும் நிரப்பி, அதாவது ஃபில்லர், முதலில் போக வேண்டியது அந்த ஆழத்துக்குத்தான், அதுவும் கொஞ்சமாக. கோட்டிலேயே சிரிஞ்சு சிரிஞ்சாக ஏற்றினால் முகம் வீங்கித்தான் தெரியும், அப்படி உப்பிய சினிமா முகங்களை (பெயர் எதற்கு?) நாம் பார்க்காததா? அழகு கெடுவதாவது பரவாயில்லை. அந்தக் கோட்டையொட்டியே முகத் தமனி ஓடுகிறது. ஃபில்லர் தவறி அதற்குள் புகுந்தால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே பறிபோகலாம். ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கைவசம் உண்டா என்று, விலை கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.