"நடங்க"ன்னா நடக்காதவர், டப்பா தேடி நடந்த கதை

கொஞ்சம் நீளமான இழை. அவசரமா இருந்தா சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க.

ஓபியில ஒரு நாளைக்குக் குறைஞ்சது முப்பது பேர்கிட்டயாவது "தினமும் நடங்க"ன்னு சொல்றேன். சர்க்கரைக்கு நடங்க, பிரஷருக்கு நடங்க, தூக்கம் வரலையா, நடங்க. அவங்களும் "சரிங்க மேடம்"னு தலையாட்டிட்டுப் போவாங்க. அடுத்த மாசம் அதே சர்க்கரை, அதே தலையாட்டல்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. நான் வேலை பார்க்கிறது திருவண்ணாமலை பக்கம். "படி ஏற முடியல மேடம், முட்டி கழண்டு விழுது"ன்னு திங்கட்கிழமை வர்ற அம்மா, பௌர்ணமி அன்னிக்குக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் நடந்து முடிச்சிட்டு வருவாங்க. கேட்டா "அது சாமிக்குங்க"ம்பாங்க.

(சர்க்கரை இருக்கிறவங்க தயவுசெஞ்சு வெறுங்கால்ல போகாதீங்க. கால்ல புண் வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதைத் தனியா எழுதுறேன்.)

ரொம்ப நாள் இதை நான் கிண்டலாத்தான் பார்த்தேன். இப்ப அப்படிப் பார்க்கிறதில்லை. அந்த அம்மா செய்யறது நடைப்பயிற்சி இல்லை. அவங்களுக்குப் போய்ச் சேர ஒரு இடம் இருக்கு, கூட நடக்க நாலு பேர் இருக்காங்க, வழியில பேச ஊர்க்கதை இருக்கு. நாங்க எழுதிக் கொடுக்கிற "தினம் 30 நிமிடம்" என்ற மருந்தில் இது எதுவுமே கிடையாது.

இதை எனக்குப் புரிய வச்சவர் என் கணவர். வயசு 38, பேங்க் வேலை, காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பார். போன வருஷம் அவருக்கு எச்பிஏ1சி 6.2 வந்துச்சு. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோயோட வாசல்படின்னு வச்சுக்கோங்க. உள்ளே போகாம திரும்பி வர வழி இருக்கிற இடம்.

அன்னையில இருந்து டூட்டி முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என் முதல் கேள்வி, "ஏங்க, இன்னிக்கு நடந்தீங்களா?" அவர் பாப்பாவைப் பார்த்து, "ரவுண்ட்ஸ் ஆரம்பிச்சாச்சு, எழுந்து நில்லு"ம்பார். நான் கோபப்படுவேன். வாங்கிக் கொடுத்த ஷூ அட்டைப்பெட்டியிலேயே இருந்துச்சு. நாலு மாசம் இப்படியே ஓடுச்சு. வீட்டுல டாக்டர் இருந்தா நல்லதுன்னு சொல்றவங்க எங்க வீட்டுக்கு வந்து பார்த்திருக்கணும்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனோம். ஜெர்மனியில இருந்து வந்திருந்த அவரோட சித்தப்பா பையன், மண்டபத்துல சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் அசந்து உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணி, இங்க பக்கத்துல ஒரு புதையல் இருக்கு, வர்றீங்களா?"ன்னான். நான் நகைக்கடை எதையோ சொல்றான்னு நினைச்சேன்.

அவன் காட்டினது ஜியோகேச்சிங். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: யாரோ ஒருத்தர் ஒரு சின்ன டப்பாவை ஒரு இடத்துல ஒளிச்சு வச்சுட்டு, அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போட்டுடுவார். நீங்க ஜிபிஎஸ் வச்சு அங்க போய்த் தேடணும். கிடைச்சா உள்ளே இருக்கிற தாள்ல பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த இடத்துலயே இருந்த மாதிரியே வச்சுட்டு வரணும். டப்பா பெருசா இருந்தா உள்ளே சின்னச் சின்னப் பொருள் இருக்கும். ஒண்ணை எடுத்தா, அதுக்குச் சமமாவோ மேலாவோ ஒண்ணை வைக்கணும். அவ்வளவுதான் ஆட்டம்.

இது பிறந்த கதை சுவாரசியமானது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேண்டுமென்றே கெடுத்துத்தான் கொடுத்தது. நூறு மீட்டர் வரை தவறு வரும். கிளின்டன் அரசு அந்தக் கெடுப்பை நிறுத்தியதும், ஒரே இரவில் உலகத்தில் இருந்த எல்லாக் கருவிகளும் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. அதைச் சோதித்துப் பார்க்க, டேவ் அல்மர் என்பவர் மே 3-ஆம் தேதி ஒரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை இணையத்தில் எழுதினார். மூணே நாள்ல ஆள் தேடி வந்துட்டாங்க. வாளிக்குள்ள இருந்த பொருள்கள்ல ஒரு பீன்ஸ் டின்னும் உண்டு. இப்ப உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல டப்பா இருக்கு. உணவுப்பொருள் வைக்கக் கூடாதுன்னு பின்னாடி விதியே வந்துடுச்சு. எறும்பும் மிருகமும் சும்மா விடாதே.

மண்டபத்துல இருந்து கிளம்பினோம். பட்டுப்புடவை, வேட்டி, பாவாடை சட்டையில பாப்பா. ஒரு பூங்கா. எந்தப் பூங்கான்னு சொல்ல மாட்டேன், அது இந்த ஆட்டத்தோட தர்மம்.

போன் "4 மீட்டர்"ங்குது. ரெண்டு அடி வச்சா "9 மீட்டர்"ங்குது. மரத்தடியில சிக்னல் இப்படித்தான் அலைபாயும், கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணாலதான் தேடணும்னான் தம்பி. நாங்க குனிஞ்சு குனிஞ்சு தேடறதைப் பார்த்துட்டு, பெஞ்சுல இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "என்னம்மா, தோடு திருகாணி விழுந்துடுச்சா?"ன்னு கேட்டுட்டு அவரும் தேட ஆரம்பிச்சிட்டார். பத்து நிமிஷம் அவருக்கும் என்ன தேடறோம்னு தெரியாது, எங்களுக்கும் சொல்லத் தெரியல.

கண்டுபிடிச்சது பாப்பா. ஒரு இரும்புப் பலகைக்குப் பின்னாடி காந்தம் வச்சு ஒட்டின பழைய பிலிம் டப்பா. உள்ளே சுருட்டின தாள். எங்கெங்கிருந்தோ வந்தவங்க எழுதின பேர். கடைசியில எங்க மூணு பேர் பேரையும் அவ எழுதினா. என் கணவர் அந்தத் தாளை ரெண்டு தரம் படிச்சார்.

அன்னைக்கு அவர் எவ்வளவு நடந்தார்னு நான் கேட்கல. அவரே ராத்திரி போனைப் பார்த்து, "அட, நாலு கிலோமீட்டர்"னார்.

அதுக்கப்புறம் மாசத்துல ரெண்டு ஞாயிறு போறோம். எனக்கு டூட்டி இல்லாத ஞாயிறு, அவருக்கு மேட்ச் இல்லாத ஞாயிறு. நம்ம பக்கம் சின்ன ஊர்கள்ல டப்பா ரொம்பக் குறைவு, இருக்கிறதுலயும் பல காணாமப் போயிருக்கும். அதனால வெளியூர் வேலை எதுவானாலும் அங்க ஒண்ணு இருக்கான்னு பாப்பா முதல்லயே பார்த்து வச்சிடுவா. ஷூ பெட்டியில இருந்து வெளியே வந்துடுச்சு.

இப்ப நான் எதுக்காக இதை எழுத உட்கார்ந்தேனோ, அந்த நாளுக்கு வர்றேன்.

ஒரு ஏரிக்கரை. ஒரு மணி நேரம் தேடினோம், கிடைக்கல. பாப்பா சலிச்சுப்போய்க் கொக்கு பார்க்கக் கரை மேல உட்கார்ந்துட்டா. நாங்க ரெண்டு பேரும் கல்லு கல்லா பார்த்துக்கிட்டே நடக்கிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல, ரெண்டு பேர் கண்ணும் தரையில.

அப்ப அவர் சொன்னார், "எங்கப்பா போனப்ப அவருக்கு 52. நடந்துட்டு வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்."

எனக்கு இது தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவரோட ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினப்ப, குடும்ப வரலாறுன்னு அதை நான்தான் எழுதினேன். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா அது கணக்குல எடுக்க வேண்டிய விஷயம்னு மாணவர்களுக்குப் பாடம் கூட எடுத்திருக்கேன். ஆனா "நடந்துட்டு வந்து உட்கார்ந்தார்"ங்கிறது எனக்குத் தெரியாது. வேகமா நடந்து மூச்சு வாங்கினா இவருக்கு ஒவ்வொரு தரமும் அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வருதுன்னு தெரியாது. சோம்பேறித்தனம்னு நான் நாலு மாசமா திட்டினது பயத்தை.

பத்து வருஷமா ஆயிரக்கணக்கான பேர்கிட்ட "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டிருக்கேன். வீட்டுல ஒரு தடவை கேட்கல. வீட்டுல கேட்டதெல்லாம் "நடந்தீங்களா" மட்டும்தான். கேட்டிருந்தாலும் எதிர்ல உட்கார்ந்து டாக்டர் முகத்தோட கேட்டிருந்தா அவர் சொல்லியிருப்பாரான்னு சந்தேகம்தான்.

அடுத்த வாரம் ஈசிஜி எடுத்து, கொழுப்பு பார்த்து, இதய மருத்துவர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நான் வெளியே உட்கார்ந்துட்டேன், அவர் மட்டும் உள்ளே போனார். "பயமில்லாம நடங்க, நெஞ்சுல அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தா நிறுத்திட்டு உடனே வாங்க"ன்னு அவர் சொல்லியனுப்பினார். நான் சொன்னா கேட்காதது அவர் சொன்னதும் கேட்டுச்சு. போகட்டும்.

சிலர் கேட்கலாம்: "மேடம், இதெல்லாம் காரும் ஞாயிறும் இருக்கிறவங்க விளையாட்டு." உண்மைதான். நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போற அம்மாகிட்ட போய் நடங்கன்னு சொல்ற அபத்தத்தை நாங்க தினமும் செய்யறோம். அவங்களுக்கு வேண்டியது உட்கார ஒரு மணி நேரம். நான் எழுதறது நாற்காலியிலயே நாளைக் கழிக்கிற என் மாதிரி, என் கணவர் மாதிரி ஆட்களுக்கு.

குழந்தைகளுக்கும். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கும் வெளிச்சம் வேணும். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5. ஆய்வு 2015-இல் வெளியானது. எங்க பாப்பாவுக்கு ஏற்கெனவே கண்ணாடி போட்டாச்சு, அது வேற வருத்தம்.

இனி டாக்டரா கொஞ்சம் பேசறேன், ஏன்னா நம்ம ஊர்ல புதருக்குள்ள தேடறது ஐரோப்பாவுல தேடற மாதிரி இல்லை.

பொந்துக்குள்ள, கல்லிடுக்குல, கண்ணுக்குத் தெரியாத இடத்துல கை விடாதீங்க. முதல்ல குச்சி, டார்ச், அப்புறம்தான் கை. கட்டாயம் ஷூ. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம்ம ஊர்க் கல்லுலயும் சருகுலயும்தான் இருக்கு. கடிச்சா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, பாம்பைப் பிடிச்சு எடுத்துட்டும் வராதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம 108-ல அரசு மருத்துவமனைக்கு வாங்க. விஷமுறிவு மருந்து இலவசம்.

புதருக்குள்ள போய் வந்து ஒரு வாரம் பத்து நாள்ல காய்ச்சல் வந்தா, "புதருக்குள்ள போனோம்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். அக்குள், தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புத் தழும்பு இருக்கான்னு பாருங்க, வலிக்காதுங்கிறதால பலர் கவனிக்கிறதே இல்லை. சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்சிசைக்ளின்ல குணமாகும். விட்டா உயிருக்கே ஆபத்து.

வெயில் காலத்துல பதினொரு மணிக்கு முன்னாடி வீடு திரும்பிடுங்க.

அப்புறம், நீங்களே டப்பா ஒளிச்சு வைக்கிறதா இருந்தா ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பாலம், கோயில் பக்கமே வேண்டாம். கேட்பாரற்ற பெட்டியைப் பார்த்தா நம்ம மக்கள் போலீசைக் கூப்பிடுவாங்க, கூப்பிடணும். காப்புக்காட்டுக்குள்ளயும் அனுமதியில்லாமப் போகாதீங்க. இடத்துக்காரர் அனுமதி வாங்கணும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாதுன்னு ஆட்டத்தோட விதியிலேயே இருக்கு.

பக்கத்துல டப்பாவே இல்லையேன்னு கவலை வேண்டாம். எங்க மாமனார் வழி நிலத்துல, மோட்டார் கொட்டகை ஓரமா பாப்பா ஒண்ணு வச்சிருக்கா. ஹார்லிக்ஸ் பாட்டில், உள்ளே ஒரு நோட்டு, பென்சில், நாலு கோலி குண்டு. கூகுள் மேப்ல அந்த இடத்தை அழுத்திப் பிடிச்சா எண் வரும். புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தா சுமார் பதினோரு மீட்டருக்குள்ள கொண்டு வந்து விடும், அஞ்சு இலக்கம்னா ஒரு மீட்டர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அந்த எண்ணை மட்டும் போட்டா. பொங்கலுக்கு வந்த பிள்ளைங்க போனை மறந்துட்டு, அதாவது மேப் பார்க்க மட்டும் வச்சுக்கிட்டு, வரப்பு வரப்பா ஓடினதைப் பார்த்து என் மாமியார், "இதுக்கா இவ்வளவு நாள் டிவி வாங்கிப் போட்டோம்?"னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அவங்களும் வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டாங்க. மாமனார் நட்ட தென்னை அங்கதான் நிக்குது. அதைத் தொட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம வீட்டுக்குப் போயிட்டாங்க.

கேட்பீங்கன்னு தெரியும். எச்பிஏ1சி இப்ப 5.9. டப்பாதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ராத்திரிச் சோறும் பாதியாச்சு. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு மட்டும் போதவும் போதாது. வாரத்துக்கு 150 நிமிஷக் கணக்குக்கு அவர் இப்ப சாயங்காலமும் நடக்கிறார், பெரும்பாலும் பாப்பாவோட. நான் கேட்கிறதை நிறுத்திட்டேன்.

இந்த ஞாயிறு எனக்கு டூட்டி. அவங்க ரெண்டு பேரும் அந்த ஏரிக்கரைக்கே மறுபடி போறாங்களாம். நான் வராமத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்க மாட்டாங்க.