கார் இருந்தால் பேருந்தில் ஏறுவீர்களா?

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்தாச்சு. "அடுத்து கார்தானே?" என்று வீட்டில் கேட்க ஆரம்பிச்சிருப்பாங்க. அதற்குமுன் ஒரு சின்னக் கணக்கு.

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் ஏலத்துக்கு ஏலம் மாறும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கு அது 106,000 வெள்ளியைத் தொட்டது. சான்றிதழ் செல்லுபடியாவது 10 ஆண்டுக்கு. நாள்கணக்கில் பிரித்தால் சுமார் 29 வெள்ளி! காரின் விலை, பெட்ரோல், காப்புறுதி, பார்க்கிங் எதுவும் இதில் சேரவில்லை. புளோக்குக்குப் பக்கத்தில் கார் சும்மா நின்றாலும் அந்த 29 வெள்ளி போய்க்கிட்டே இருக்கும்.

பேருந்தில்? அட்டையைத் தட்டி ஏறினால், சாதாரணச் சேவைகளில் ஒரு பயணத்துக்கு 3 வெள்ளிகூட ஆகாது. 2010இலிருந்து கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இறங்கி 45 நிமிடத்துக்குள் வேறொரு பேருந்துக்கோ ரயிலுக்கோ மாறினால், பொதுவாக அது அதே பயணத்தின் தொடர்ச்சிதான்.

கணக்கு இவ்வளவு தெளிவு. அப்புறம் ஏன் கார் வைத்திருப்பவர்கள் பேருந்துப் பக்கம் வருவதில்லை?

அங்கேதான் விஷயமே இருக்கு. காருக்கான பெரிய செலவு, அதை ஓட்டத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. காலையில் சாவியை எடுக்கும்போது மனத்தில் நிற்பது அன்றைய பெட்ரோலும் பார்க்கிங்கும் மட்டுமே. "இவ்வளவு கொட்டிக் கொடுத்துட்டு பஸ்ல போறதா?" என்று தோன்றும். யாருக்குத்தான் தோன்றாது? ஆக, பேருந்தா காரா என்ற முடிவை நாம் தினமும் எடுப்பதில்லை. கார் விற்பனைக் கூடத்தில் கையெழுத்துப் போடும்போதே எடுத்துவிடுகிறோம்.

சிஓஇ, கார் வாங்குவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். வாங்கிய காரை எப்போது, எந்தச் சாலையில் ஓட்டுகிறோம் என்பதற்கு விலை வைப்பது, 1998இல் வந்த இஆர்பி.

பேருந்து தோற்பது பணத்தில் அல்ல, நிறுத்தத்தில். வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் பேருந்துத் தடங்களில் அது நெரிசலைத் தாண்டிப் போய்விடும். ஆனால் நீங்கள் நிறுத்தத்தில் நிற்கும் நிமிடங்களைத் தடம் குறைக்காது. பேருந்துச் சேவைகளை மேம்படுத்த 8 ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று அரசாங்கம் 2024இல் அறிவித்தது. காத்திருப்பு குறையாவிட்டால், காரை விட்டுவரச் சொல்வது வெறும் பேச்சுதான்.

நள்ளிரவுக்குமேல் வேலை முடிபவருக்கும், நடக்கச் சிரமப்படும் பாட்டியை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு வேறு. எப்போதாவதுதான் கார் தேவை என்றால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழியும் இருக்கு.

மற்றவர்கள் கையெழுத்துப் போடும்முன் இரண்டு வாரம் பேருந்தில் போய்ப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வேலையிட வாசல் வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நின்ற நிமிடங்களை மட்டும் தனியாக எழுதுங்கள்.