ஒளிந்தது போதும், தோழர்களே!

தோழர்களே! காலை பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பத் தயங்குகிறோம். "ஸ்கூல் இல்லையா பாப்பா?" என்று யாராவது கேட்டுவிட்டால்? "காய்ச்சல்னு சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தது யார்? நாம்தான். வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம் என்று கிளம்பிய நாம், பொய்யையும் சேர்த்துப் படிப்பித்தோம்!

போதும். ஒளிந்தது போதும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காவிட்டால்? பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. அனுமதியும் இல்லை. குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள். இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். நடுத்தெருவில் நிற்கிறோம்!

2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே பிரமாணப் பத்திரம் தந்தது: விரும்பி வீட்டில் கற்பிப்போருக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று. நாமும் நிம்மதியாகத் தூங்கிவிட்டோம். பத்திரம் சட்டமாகுமா, தோழர்களே? 10ஆம் பிரிவில் வீடு என்ற சொல் ஏறவே இல்லை.

14 வயதானால் வா, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுது என்கிறது அரசின் திறந்தநிலைப் பள்ளி. அதற்கு முந்தைய எட்டு ஆண்டும் பிள்ளை எங்கே இருந்ததாம்?

சட்டத்தின் மேல் நமக்குப் பகையில்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவும் சிறுவனுக்கு அது வேண்டும். அவனைக் காட்டி நம் வாயை அடைக்காதீர்கள் என்கிறோம், அவ்வளவுதான். பிள்ளை படிக்கிறதா என்று பார்க்க வரட்டும். கதவைத் திறந்து வைப்போம்.

எழுதுங்கள். இன்று இரவே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய கல்வி அமைச்சகத்துக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். கருத்துக் கேட்காதீர்கள், தட்டிக் கழிப்பார்கள். நகல் கேளுங்கள். வீட்டுவழிக் கல்வி பற்றிப் பிறப்பித்த ஒவ்வோர் உத்தரவின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். உத்தரவு இருந்தால் கைக்கு வரும். இல்லையென்றால், இல்லை என்று எழுத்தில் வரட்டும். அந்தத் தாளோடு எம்.பி. வீட்டு வாசலில் நிற்போம். சட்டத்தைத் திருத்து என்போம். ஒருவர் போனால் காத்திருக்கச் சொல்வார்கள். எல்லோரும் போவோம்!

மனுவில் முகவரி எழுத வேண்டும். அங்கேதான் பேனா நிற்கும். தெரியும். என் பேனாவும் நின்றது.

எழுதுங்கள், தோழர்களே. முழுப் பெயர். கதவு எண். தெரு. ஊர்.